ஜாக்கி வைத்த இடம்

அந்த முக்காலியில் உட்காராதீர்கள் சார், அதற்கு ஒரு கால் ஆடும். பார்த்தால் தெரியாது, சாய்ந்தால்தான் தெரியும். இந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை எப்போதோ காய்ந்துவிட்டது, பேண்டில் ஒட்டாது.

என் மகள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இப்போது மாடிக்குப் போய்விட்டாள், துணிகளை எடுத்து வைக்கிறாள். அதனால் சொல்கிறேன். அவள் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அவளுக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயதிலிருந்து ஒரு பொய்க்கு நாலு தடவை எச்சில் விழுங்குகிறவள். உங்களுக்கு அது தெரிய நியாயமில்லை. பெற்றவனுக்குத் தெரியும்.

விபத்துக்கு முந்தின நாள் டிராக்டரைத் தூக்கி வைத்துச் சோதித்தது தான்தான் என்றும், முன் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்ததாகவும், ஆட்டம் எதுவும் இல்லாததால் ஓட்டலாம் என்று தன் கணவனிடம் சொன்னதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆக்ஸிலுக்கு அடியில் என்கிற அந்த ஒரு வார்த்தை போதும், சோதித்தது அவள் இல்லை என்பதற்கு. ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். அவசரம் இல்லையே?

இது வயல் உழுகிற பெரிய டிராக்டர் இல்லை. தோட்டத்துக்கானது. உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போனால் வயிற்றுக்கு அடியில் கத்தி சுழன்று புல்லை வெட்டும். இப்போது மூஞ்சி நசுங்கி இப்படிக் கிடக்கிறதே என்று பார்க்காதீர்கள், ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. என் மகளைவிட ஒரு வயது பெரியது. என் மனைவி இதை மூத்தவள் என்றுதான் சொல்வாள். "மூத்தவளைக் குளிப்பாட்டினது போதும், இளையவளைக் கொஞ்சம் தூக்குங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று இந்த வாசலில் வந்து நிற்பாள். இளையவள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் என் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மூத்தவள், இளையவள், நான் என்று மூன்று பேர்தான் இந்த வீட்டில்.

புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கூடவே ஆஸ்பத்திரித் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், நீர்த்தேக்கத்தின் கரை, இவற்றில் புல் வெட்டித் தரும் ஒப்பந்தமும் உண்டு. வண்டி பழையதானால் எஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். எஞ்சின் மக்கர் பண்ணினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இரண்டு முன்சக்கரங்களையும் தாங்குகிற முன் ஆக்ஸில் அப்படி இல்லை. அது சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்த்து இறுக்கப்பட்டது கிடையாது. நடுவில் ஒரே ஒரு சென்டர் பின்னில் மாட்டியிருக்கும், குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடுகிற பலகை மாதிரி. மேடு வந்தால் ஒரு பக்கம் தூக்கும், பள்ளம் வந்தால் இறங்கும். கட்டைவிரல் கனம்தான் இருக்கும் அந்தப் பின். வண்டியின் முன்பாரம் முழுவதும் அதன் தலையில்.

முன்பக்கம் ஆடுகிறது என்று யாராவது வண்டியைக் கொண்டு வந்தால் முதலில் டயரில் காற்றைப் பார்ப்பேன். பிறகு சக்கரத்து பேரிங். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பிகளின் மூட்டு. இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் சென்டர் பின். அதைப் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் வண்டியின் பாரம் அந்தப் பின்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு தேய்ந்த பின்னானாலும் அப்போது அசையாது. சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஆக்ஸில் அந்தரத்தில் தொங்க வேண்டும். அப்போது இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினால் உள்ளே இருக்கிற கோளாறு தானாக வாய் திறக்கும், டக்கென்று ஒரு சத்தம்.

என் மகள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்தாள். அப்போது அவளுக்கு இந்த மேஜை உயரம். ஸ்பானர் பிடியால் விரல் முட்டியில் ஒரு தட்டு தட்டினேன். அழுதாள். பிறகு ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அந்த நாளிலிருந்து அவள் தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில்தான் வைப்பாள். இந்த ஷெட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் கையை மட்டும் நீட்டுவேன், எந்த ஸ்பானர் என்று கேட்காமலே சரியான நம்பர் உள்ளங்கையில் வந்து விழும். அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை உதிரிபாகங்கள் கொண்டு வருகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு பேரிங் கொடுக்க இவ்வளவு நேரமா நிற்பான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மரமண்டை எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆனது. வந்து கேட்டபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பீர்கள் என்று. "இங்கயேதான் மாமா. நானும் தொழில் கத்துக்கணும்" என்றான். அதற்கு மேல் சாதியோ சம்பளமோ எதையும் நான் விசாரிக்கவில்லை. தங்கமான அப்பா என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அவன் நல்லவன். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வெட்டும் வேலை முழுவதையும் தன் தலையில் எடுத்துக்கொண்டான். எனக்கு முதுகு வலி என்றால் என் மகளுக்கு முன்னால் அவன் தைலத்தோடு நிற்பான். வீட்டோடு மாப்பிள்ளை என்று கடைத்தெருவில் கிண்டல் செய்தால், "ஆமாங்க, மூணு வேளை சாப்பாடு, ஒரு மாமனார், ஒரு டிராக்டர், வேற என்ன வேணும்" என்று அவனே சேர்ந்து சிரிப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. நீங்கள் அதைத் தேடினீர்கள் என்றால் கிடைக்காது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். தூரத்துத் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கிற வேலை. வீடும் கொடுக்கிறார்களாம். அவன் அம்மா தனியாக இருக்கிற ஊருக்கு அது பக்கம்.

"நல்ல விஷயம் மாப்பிள்ளை" என்றேன்.

என் மகள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீங்களும் எங்ககூட வந்துடுங்கப்பா. ஷெட்டை மூடிடலாம். எவ்வளவு நாள்தான் கிரீஸ்லயே கிடப்பீங்க?"

"வந்து என்ன பண்ணட்டும்? கப்பல் போறதையும் வர்றதையும் எண்ணிக்கிட்டு உட்காரட்டுமா?"

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் கேட்டது மரியாதைக்காக இல்லை, மனசாரத்தான் கேட்டார்கள். நான் போயிருக்கலாம். ஆனால் அங்கே அது அவனுடைய வீடு. காலையில் எழுந்து, எனக்கு என்ன வேலை என்று மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே அவள் என்னுடைய வீட்டில் இருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை யாருக்கும் விளக்க எனக்குத் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவன் வந்து, "மாமா, முன்பக்கம் ஒரு மாதிரி ஆடுது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடிச்சா அது கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் திரும்புது. நான் போறதுக்குள்ள பார்த்து வெச்சிடுங்க, அப்புறம் நீங்க ஓட்டுறப்ப தொந்தரவு பண்ணப் போகுது" என்றான். எனக்காகத்தான் கவலைப்பட்டான்.

அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பார்த்தேன். காற்று சரி, பேரிங் சரி, மூட்டுகள் சரி. சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டு நெம்பினேன். டக் என்றது. நட்டைக் கழற்றிப் பின்னை உருவித் துடைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேய்ந்து இளைத்திருந்தது. இளைத்த இடத்தில் நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு கீறல், பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. உங்கள் மேஜையில் அந்த உடைந்த துண்டு இருக்குமே, உடைந்த முகத்தைப் பாருங்கள். பாதி கறுப்பாக இருக்கும், பாதி பளபளவென்று இருக்கும். பளபளப்பான பாதி அன்றைக்கு உடைந்தது. கறுத்த பாதி முன்பே விட்டுப்போனது, கிரீஸ் இறங்கிக் கறுத்திருக்கிறது. கறுத்த பாதியை நான் பார்த்தேன்.

புதுப் பின் என்னிடம் இருந்தது. பழைய வண்டிக்கு எப்போது எது போகும் என்று சொல்ல முடியாது, வாங்கி வைத்திருந்தேன். அதோ, அந்த அலமாரியில், கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால். அட்டைப்பெட்டியோடு இருக்கிறது, பிரிக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும்.

அதை மாட்டுவது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. நான் எழுந்து அலமாரி வரைக்கும் போனேன். அப்போது வெளியே ஆட்டோ வந்து நின்றது. இருவரும் இறங்கினார்கள். புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள், சக்கரம் வைத்த பெரிய பெட்டி. என் மகள் அதை வாசல் சிமெண்டில் இழுத்துப் பார்த்தாள், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, சின்னப் பிள்ளை மாதிரி. கடகடவென்று சத்தம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. திரும்பி வந்து பழைய பின்னையே உள்ளே தள்ளி, நட்டை இறுக்கி, நிறைய கிரீஸ் வைத்தேன்.

சாகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்வீர்களோ மாட்டீர்களோ, உண்மை அதுதான். ஒரு கால், இல்லையென்றால் ஒரு கை. மாவுக்கட்டுப் போட்டால் சில மாதங்கள் ஓடிவிடும். துறைமுகத்துக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான், வேறு ஆளைப் போட்டுக்கொள்வான். இங்கேயே கிடந்து குணமாவான், என் மகள் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், நான் பழம் வாங்கி வருவேன். அந்தக் காட்சியை நான் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் யாரும் அழவில்லை.

மறுநாள் அவன் கேட்டான், பார்த்தீர்களா மாமா என்று. வா, உன் கண் முன்னாலேயே பார்ப்போம் என்று ஜாக்கியை எடுத்தேன். ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்தேன். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. அவனையே பிடித்து ஆட்டச் சொன்னேன். மேலும் கீழுமாக ஆட்டினான், பக்கவாட்டில் ஆட்டினான். பாறை மாதிரி நின்றது.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. டயர்ல காத்து கம்மியா இருந்துது, அடிச்சிட்டேன்."

"இவ்வளவுதானா? நான் என்னமோ பெரிய செலவு வெச்சிட்டேன்னு பயந்துட்டேன் மாமா."

என் மகள் அப்போது கதவோரத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டிய கை நின்றது. ஜாக்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா" என்றாள்.

"என்னம்மா?"

புருஷன் பக்கத்தில் இருக்கும்போது அப்பாவின் தப்பைச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லப்பா. டீ போடவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நல்ல டீ அது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

அடுத்த நாள் நீர்த்தேக்கக் கரையில் வேலை. சமதளத்தை மட்டும் முடித்துவிட்டு, சரிவை வேறு யாரையாவது வைத்து வெட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான். கட்ட வேண்டிய மூட்டை முடிச்சு நிறைய இருந்தது அவனுக்கு. சரிவையும் முடித்துவிட்டுப் போய்விடு, எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றேன். சரி மாமா என்றான். அவன் ஒருநாளும் என் பேச்சைத் தட்டியதில்லை.

வெட்டிய புல்லை வாரக் கூடப் போயிருந்த என் மகள் கீழே நின்று பார்த்திருக்கிறாள். சரிவில் குறுக்கே போகும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பின் உடைந்து ஆக்ஸில் கழன்று போக, வண்டி மூக்கு குத்திப் புரண்டு அவன் மேல் சாய்ந்தது. இதெல்லாம் உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. நான் போய்ப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் தலை அவள் மடியில் இருந்தது. வண்டி ஒரு பக்கம் தூக்கி நின்றது. அவள் டிராக்டரை ஏற்றிப் போன வேனுக்கு ஓடி ஜாக்கியை எடுத்து வந்து, தனி ஆளாக வண்டியைத் தூக்கி அவனை வெளியே இழுத்திருக்கிறாள். நான் அவனைப் பார்க்கவில்லை சார், அவளையும் பார்க்கவில்லை. ஜாக்கியைப் பார்த்தேன். அவள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே பின்சக்கரத்து ஆக்ஸில் இருந்தது. எவ்வளவு பதைபதைப்பில் இருந்திருப்பாள். அந்த நிலையிலும் ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில்தான் கொடுத்திருந்தாள். நான் தட்டிக் கற்றுக்கொடுத்த அதே இடத்தில்.

அங்கே வந்த போலீஸ்காரரைக் கேளுங்கள், ஜாக்கி எங்கே இருந்தது என்று. பிறகு இந்த வாக்குமூலத்தைத் திரும்பப் படியுங்கள். அவள் சோதிக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்காகத்தான் அந்தப் பொய். எனக்கு வயதாகிவிட்டது, மறந்துபோய்த் தப்பான இடத்தில் ஜாக்கி வைத்துவிட்டேன் என்று அவள் நம்புகிறாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் இந்தப் பெட்டியின் மேல், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் உட்கார்ந்து சொன்னாள். "நான் பார்த்தேன்பா. ஜாக்கி தப்பா இருந்துச்சு. நான் சொல்லியிருந்தா நீங்க மாத்தி வெச்சிருப்பீங்க. அவர் இருந்திருப்பார். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லாம போயிட்டேன். நான்தான்பா கொன்னுட்டேன்."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழாதே என்றேன். அது என் தப்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள், கல்யாணமாகிப் பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அவள் நகர்ந்துவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் இங்கேயே இருப்பாள் என்றுதான் நினைத்தேன். வேறு எங்கே போவாள்? போன வாரம் சொன்னாள், அத்தை தனியாக இருக்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவர்களோடு போய் இருக்கப் போகிறேன் என்று. டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். நாளை மறுநாள் ரயில். நீங்களும் வாருங்கள் அப்பா என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. ஷெட்டைப் பார்க்கவே முடியவில்லை என்கிறாள். ஸ்பானர் கீழே விழுந்தால் மாடியில் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆக்ஸிலில் கோளாறு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னை மாற்றவில்லை. கோளாறு தெரியக் கூடாது என்றே ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்தேன். சரிவை வெட்டிவிட்டுப் போகச் சொன்னதும் நான். என் மாப்பிள்ளையைக் கொன்றது நான். என் மகள் எந்தப் பாவமும் அறியாதவள். செய்யாத தப்பை வாழ்நாள் முழுவதும் அவள் சுமந்துகொண்டிருக்கக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

மேலே அந்தச் சக்கரப் பெட்டியின் சத்தம் கேட்கிறதா? இழுத்து வாசல் பக்கம் வைக்கிறாள் போலிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஜாக்கியைத் தப்பான இடத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அப்படியென்றால் முக்கியச் சாட்சி அவள்தானே? சாட்சிக்காரர்கள் வழக்கு முடிகிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்கிறார்களே, அது உண்மைதானே சார்? இந்த மாதிரி வழக்கெல்லாம் லேசில் முடியாதாமே. அப்படியானால் நீங்கள் போகும்போது மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், பெட்டியைப் பிரித்துவிடச் சொல்லி.